கடைசி இருபது மீட்டர்

உலகத்துலேயே முதல் ஜியோகேஷை ஒளிச்சு வெச்ச மனுஷர், அதே டப்பாவை அதே மாதிரி இன்னிக்கு வெச்சு அனுமதி கேட்டார்னு வையுங்க. "சாரி சார், விதிப்படி செல்லாது"ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. ஜோக் இல்லை, நிஜம். பாதி மண்ணுக்குள்ள புதைச்சது ஒரு தப்பு, உள்ளே சாப்பாட்டுப் பொருள் வெச்சது இன்னொரு தப்பு.

அந்த விதியெல்லாம் எங்கேர்ந்து வந்தது? கூட்டமா கிளம்பற ஒவ்வொரு சனிக்கிழமையும் சீனியர்கள் நமக்குச் சொல்ற டிப்ஸ் எல்லாம் யாரோ உட்கார்ந்து யோசிச்சு எழுதினது இல்லை. ஒவ்வொண்ணுக்குப் பின்னாலயும் ஒரு வருஷம், ஒரு ஊர், சிலதுக்குப் பின்னால ஒரு துக்கமும் இருக்கு. அதைத்தான் இந்தப் பதிவுல கொஞ்சம் வரிசைப்படுத்திப் பார்க்கலாம்னு.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி விளக்கம்: யாரோ ஒருத்தர் ஒரு டப்பாவை எங்கேயோ ஒளிச்சு வெச்சுட்டு, அந்த இடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகையை வெளியிடுவார். நாம ஜி.பி.எஸ். வெச்சுத் தேடிக் கண்டுபிடிச்சு, உள்ளே இருக்கற நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வெச்சுட்டு வரணும். அவ்வளவுதான். இதுக்கா இத்தனை அலட்டல்னு கேக்கறீங்களா? மேல படிங்க :-)

ஏழே முக்கால் ஏக்கர்

ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது. பொதுமக்களும் பயன்படுத்தலாம்னு திறந்துவிட்டாங்க, ஆனா ஒரு வில்லங்கத்தோட. பொதுமக்களுக்கு வர்ற சிக்னல்ல வேணும்னே ஒரு பிழையைக் கலந்து அனுப்பினாங்க. மென்பொருள் பாஷையில சொன்னா, திட்டம் போட்டு வெச்ச பக். அதனால கருவி காட்டற இடம் சுமார் 100 மீட்டர் வரைக்கும் தப்பா இருக்கலாம்.

100 மீட்டர்தானேன்னு தோணும். நம்ம ஊர்க் கணக்குல போட்டுப் பாருங்க. 100 மீட்டர் ஆரத்துல ஒரு வட்டம் போட்டா கிட்டத்தட்ட ஏழே முக்கால் ஏக்கர். ஏழே முக்கால் ஏக்கர் காட்டுல ஒரு சோப்பு டப்பாவைத் தேடறதுக்குப் பேர் விளையாட்டு இல்லை, தண்டனை.

2000-ஆம் ஆண்டு மே 1-ஆம் தேதி நள்ளிரவில், அதிபர் கிளின்டனின் உத்தரவுப்படி, அந்தப் பிழையை நிறுத்தினார்கள். ஒரே ராத்திரியில் நூறு மீட்டர் என்பது இருபது மீட்டருக்குள் வந்துவிட்டது. (எனக்கு அப்போ பால்வாடிக்குப் போற வயசுகூட ஆகலை.) இருபது மீட்டர் ஆரம்னா வெறும் 31 சென்ட். சென்னைக் கணக்குல அஞ்சரை கிரவுண்டுக்குக் கொஞ்சம் அதிகம். அதுல தேடலாம். நாலு பேர் சேர்ந்தா ஜாலியாவே தேடலாம்.

இந்தப் பதிவோட மையமே இந்த இடம்தான். செயற்கைக்கோள் நம்மைக் கொண்டுவந்து விட்டது அந்த இருபது மீட்டர் வரைக்கும்தான். பிழை சுத்தமா பூஜ்யம் ஆகியிருந்தா நேரா போய்க் குனிஞ்சு எடுத்துட்டு வந்திருப்போம், விளையாட்டே பிறந்திருக்காது. மிச்சம் இருக்கற கடைசி இருபது மீட்டரை மனுஷங்கதான் நிரப்பணும். ஜியோகேஷிங்கோட வரலாறே அந்த இருபது மீட்டரோட வரலாறுதான்.

சின்ன வயசுல 'கிச்சு கிச்சு தாம்பாளம்' ஆடியிருப்பீங்களே? நீளமா மணலைக் குவிச்சு, ஒருத்தர் அதுக்குள்ள ஒரு குச்சியை ஒளிப்பாங்க. எங்கே இருக்குன்னு நினைக்கறோமோ அந்த இடத்துல நாம ரெண்டு கையையும் கோத்துப் பொத்தணும். அந்தக் கோத்த கைதான் ஜி.பி.எஸ். காட்டற வட்டம். குச்சி அதுக்குள்ளே இருக்கும், ஆனா எங்கேன்னு கை சொல்லாது.

ஒரு பக்கெட், ஒரு நோட்டு, ஒரு பென்சில்

பிழை நின்ற இரண்டாவது நாள், மே 3. டேவ் உல்மர் என்கிற கணினி ஆலோசகர் (நம்ம ஜாதி!) இந்தப் புதுத் துல்லியத்தைச் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டார். அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில், போர்ட்லாண்டுக்குத் தெற்கே பீவர்க்ரீக் பக்கம் ஒரு காட்டுச் சாலையோரம் ஒரு கறுப்பு பக்கெட்டைப் பாதி புதைத்து வைத்தார். உள்ளே ஒரு நோட்டு, பென்சில், மென்பொருள், வீடியோ, புத்தகம், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் போட்டார். பிறகு ஜி.பி.எஸ். ஆர்வலர்களின் யூஸ்நெட் குழுவில் இடத்தை எழுதினார்: வடக்கு 45° 17.460', மேற்கு 122° 24.800'. கூடவே ஒரே ஒரு விதி. ஏதாவது எடுத்துக்கோ, ஏதாவது வெச்சுட்டுப் போ.

மூன்றே நாளில் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். முதலில் போய்ச் சேர்ந்தவர் மைக் டீக். அவர் கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை. இதே மாதிரி மற்றவர்கள் ஒளித்த இடங்களை எல்லாம் தேடிச் சேகரித்துத் தன் சொந்த இணையப் பக்கத்தில் பட்டியல் போட ஆரம்பித்தார். என்னைக் கேட்டால், உல்மருக்கு எவ்வளவு புகழோ அதில் பாதியாவது டீக்குக்குப் போகணும். ஒளிச்சவர் ஒருத்தர். ஒளிச்சதை ஊருக்குச் சேர்த்தவர் இன்னொருத்தர். ரெண்டாமவர் இல்லாட்டி அது தனி ஒருத்தரோட பக்கெட்டாவே மண்ணுல மக்கியிருக்கும்.

ஆரம்பத்தில் இதற்குப் பெயர் 'ஸ்டாஷ்' வேட்டை. அந்த வார்த்தைக்குப் போதைப்பொருள் பதுக்கல் வாசனை உண்டு. அதனால் மே 30-ஆம் தேதி மாட் ஸ்டம் என்பவர் மின்னஞ்சல் குழுவில் 'ஜியோகேஷிங்' என்ற பெயரைச் சொன்னார். 'கேஷ்' என்றால் பழைய வேட்டைக்காரர்களும் மலையேறிகளும் உணவைப் பதுக்கி வைத்த இடம். கணினியில் வேகத்துக்காகத் தரவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் நினைவகத்துக்கும் அதே பெயர்தான். (எங்க அம்மாகிட்ட "கேஷ் தேடப் போறேன்"னா, "நல்லாத் தேடு, வீட்டு லோன் கட்டலாம்"ங்கறாங்க.)

ஜூலையில் சியாட்டிலைச் சேர்ந்த ஜெரமி ஐரிஷ் என்ற வலை வடிவமைப்பாளர் டீக்கின் பட்டியலைப் பார்த்து மயங்கி, செப்டம்பர் 2-ஆம் தேதி அதற்கென ஒரு தனித்தளமே திறந்தார். அன்றைய கணக்கு 75 டப்பா. இன்றைக்கு உலகம் முழுக்க 30 லட்சத்துக்கு மேல்.

அப்பனுக்கு அப்பன்

செயற்கைக்கோள் வந்ததாலதான் இந்தப் பைத்தியம் வந்துச்சுன்னு நினைச்சா அது பாதி உண்மைதான். இதோட கொள்ளுத்தாத்தா இங்கிலாந்துல இருக்கார்.

டெவன் மாவட்டத்தில் டார்ட்மூர் என்று ஒரு பரந்த பொட்டல், சதுப்பும் பாறைக்குன்றுகளுமான நிலம். 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, அங்கே க்ரான்மியர் பூல் என்ற எட்டாத இடத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். தன்னோடு கஷ்டப்பட்டு நடந்து வந்தவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டை அதில் போட்டுவிட்டுப் போகலாம். "நானும் வந்தேன்" என்பதற்கு ஒரு சாட்சி. பின்னாளில் அது பெட்டியானது, 1905-இல் வருகைப் பதிவேடு வந்தது, ரப்பர் ஸ்டாம்ப் வந்தது. இதற்கு 'லெட்டர்பாக்ஸிங்' என்று பெயர்.

ஏன் 'லெட்டர்'? இங்கேதான் அழகு. வந்தவர்கள் தங்கள் முகவரி எழுதிய தபால் அட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்து வருகிறவர் அதை எடுத்துத் தன் ஊரிலிருந்து தபாலில் சேர்க்க வேண்டும். அட்டை எப்போது வரும், எந்த ஊர் முத்திரையோடு வரும், தெரியாது. யாரென்றே தெரியாத ஒருத்தர் நமக்காகத் தபால் பெட்டியைத் தேடிப் போவார் என்ற நம்பிக்கைதான் விளையாட்டு.

1970-களில் டார்ட்மூரில் பெட்டிகள் பெருகின. நூறு பெட்டி கண்டுபிடித்தவர்களுக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது, குறிப்புகளை அச்சிட்டுப் பகிர்ந்துகொண்டார்கள். கூட்டம் சேர்ந்ததும் பிரச்சினையும் சேர்ந்தது. அதனால் தோண்டக்கூடாது, தொல்லியல் சின்னங்களிலும் பழைய கற்சுவர்களிலும் பெட்டியைச் செருகக்கூடாது என்று தங்களுக்குத் தாங்களே விதி வகுத்துக்கொண்டார்கள். முப்பது வருஷம் கழித்து ஜியோகேஷர்கள் அதே பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது.

டப்பா தேடி வந்து ஆளைக் கண்டுபிடிச்சாங்க

தனியாகத் தேடியவர்கள் நோட்டில் ஒருவர் பெயரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இந்த ஆள் எனக்கு ரெண்டு நாள் முன்னாடி வந்திருக்கானே, போன டப்பாலயும் இவன் பேர்தானே இருந்தது? இப்படிக் கையெழுத்தாவே பழகினவங்களுக்கு நேர்ல பார்க்கணும்னு ஆசை வராதா? 2001 மார்ச்சில் டெக்ஸஸின் ஆஸ்டின் நகரத்தில் முதல் சந்திப்பு நடந்தது. இங்கே டப்பா கிடையாது, ஆட்கள்தான் 'கேஷ்'. அந்தச் சந்திப்புக்கும் ஆயத்தொலைவு கொடுத்து, போனால் ஒரு கண்டுபிடிப்பாகவே கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். 2003-இல் கென்டக்கியின் லூயிவில் நகரத்தில் முதல் 'ஜியோவுட்ஸ்டாக்'. 2014-இல் ஜெர்மனியின் ம்யூனிக்கில் ஐயாயிரம் பேருக்கு மேல் கூடிய முதல் 'கிகா' சந்திப்பு.

கூட்டமாகத் தேடினால் ஒரு சிக்கல் வரும். ஆறு பேர்ல ஒருத்தன் பார்த்துட்டு "இதோ!"ன்னு கத்திட்டா மத்த அஞ்சு பேருக்கும் சப்புன்னு போயிடும். அதுக்கு ரெண்டு வழி வெச்சிருக்காங்க. ஒண்ணு, 'மூன்று துப்பாக்கி வீரர்கள்' முறை: யார் பார்த்தாலும் எல்லாருக்கும் கணக்கு. இன்னொண்ணு, 'ஹக்கிள் பக்கிள் பீன்ஸ்டாக்'. அது அங்கே குழந்தைகள் ஆடற விளையாட்டோட பேர். பார்த்தவங்க சத்தம் போடாம, டப்பாவைத் தொடாம, பத்தடி தள்ளிப் போய் நின்னுட்டு அந்த வார்த்தையைச் சொல்லணும். மத்தவங்க தொடர்ந்து தேடலாம். கடைசி ஆளும் பார்த்த பிறகுதான் டப்பாவை எடுக்கணும்.

இங்கே போர்ட்லாண்ட் பக்கம் எங்க குழு ஏழு பேர், ரெண்டு கார், ஒரு பெரிய டப்பா புளியோதரை. குழந்தைங்க வர்ற அன்னிக்கு ரெண்டாவது முறைதான். பெரியவங்க முகத்தைப் பார்த்தே எங்கே இருக்குன்னு மோப்பம் பிடிக்கற ஒரு வாண்டு இருக்கு, அதுகிட்ட மட்டும் நடிக்க முடியலை.

கூட்டமா கிளம்பறவங்களுக்கு எங்க அனுபவத்துல தேறின சில:

1. ஒவ்வொரு டப்பாவுக்கும் கடினம், நிலப்பரப்புன்னு ரெண்டு மதிப்பெண், 1-லேர்ந்து 5 வரை. குழுவுல பலவீனமான காலுக்கு ஏத்த மாதிரி நிலப்பரப்பைத் தேர்ந்தெடுங்க. 1-ன்னா சக்கர நாற்காலியே போகும். 5-ன்னா கயிறோ படகோ வேணும்.

2. கிளம்பறதுக்கு முன்னாடி கடைசி நாலஞ்சு பதிவுகளைப் படிங்க. வரிசையா மூணு பேர் 'தேடினேன், கிடைக்கலை'ன்னு எழுதியிருந்தா டப்பா போயிருக்க வாய்ப்பு அதிகம். உங்களுக்குக் கிடைக்கலைன்னாலும் வெட்கப்படாம எழுதுங்க. அடுத்தவங்களோட அரை நாள் மிச்சமாகும்.

3. ஆயத்தொலைவை எழுதிக்கறப்போ ஒரு இலக்கத்தையும் விடாதீங்க. நிமிஷத்துல மூணாவது தசம இலக்கம் ஒண்ணு மாறினா அட்சரேகைல 1.85 மீட்டர் நகரும். முதல் தசம இலக்கம் மாறினா 185 மீட்டர்!

4. எல்லாரும் போனைப் பார்த்துட்டே நடக்கக்கூடாது. ஒருத்தர் கருவி, மத்தவங்க கண். மரம் அடர்ந்த இடத்துல அம்பு ஆடும். ரெண்டு மூணு திசையிலேர்ந்து நடந்து வந்து, அம்புகள் எங்கே வெட்டிக்குதுன்னு பாருங்க.

5. பத்து மீட்டர் வந்ததும் போனைப் பையில போடுங்க. "நானா இருந்தா எங்கே ஒளிச்சிருப்பேன்?"னு கேளுங்க. இன்னிக்குப் போன் திறந்தவெளியில அஞ்சு மீட்டர் வரை சொல்லும், அதுவே ரெண்டு சென்ட் நிலம்.

6. துப்பு வரி 13 எழுத்து தள்ளி எழுதின சங்கேதத்துல இருக்கும். எல்லாரும் கையை விரிச்ச பிறகு மட்டும் உடைங்க.

தடை, குண்டு, வெள்ளம்

இனி கொஞ்சம் சீரியஸான பகுதி.

டப்பாக்கள் பெருகியதும் முதலில் முகம் சுளித்தது அமெரிக்க தேசியப் பூங்காத் துறை. பூங்காவில் ஒரு பொருளை 24 மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் விட்டுச் செல்வது அவர்கள் விதிப்படி குற்றம். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கு. ஒரு டப்பாவுக்கு நூறு பேர் வந்தா நூறு பேரும் ஒரே குறுக்குவழியில புல்லை மிதிச்சுப் புதுப் பாதையே போட்டுடுவாங்க. 2005-இல் தென் கரோலினா சட்டமன்றத்தில், கல்லறைகளிலும் தொல்லியல் இடங்களிலும் அனுமதியில்லாமல் ஜியோகேஷிங் செய்வதைக் குற்றமாக்கும் மசோதா கீழவையில் நிறைவேறியது. மேலவையைத் தாண்டவில்லை, ஆனால் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது.

ஆர்வலர்கள் சண்டைக்குப் போயிருக்கலாம். பெரும்பாலும் போகவில்லை. 2002-இல் 'டப்பாவோடு போ, குப்பையோடு வா' என்று ஒரு பழக்கத்தைத் தொடங்கினார்கள். தேடப் போகிற எல்லாரும் ஒரு பையில் வழியிலுள்ள குப்பையைப் பொறுக்கிக்கொண்டு வரவேண்டும். 2004 ஜனவரியில் அமெரிக்க நிலவியல் கழகத்தோடு சேர்ந்து 'எர்த்கேஷ்' வந்தது. அதில் டப்பாவே கிடையாது. ஒரு பாறை அடுக்கையோ ஊற்றையோ போய்ப் பார்த்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னால் கண்டுபிடித்ததாகக் கணக்கு. தோண்டாதே, உணவு வைக்காதே (கரடியும் ரக்கூனும் டப்பாவைக் கடிச்சுக் குதறிடும்), 161 மீட்டருக்குள் இரண்டு டப்பா வைக்காதே, நில உரிமையாளரிடம் அனுமதி வாங்கு என்ற விதிகள் எல்லாம் இப்படி ஒவ்வொண்ணா வந்து சேர்ந்தவைதான்.

ஊருக்குள் டப்பா வைப்பதற்கான பாடம் 2011 ஜூலையில் வந்தது. இங்கிலாந்தின் வெதர்பி என்ற சிற்றூரில், ஒரு கஃபே வாசலில் யாரோ எதையோ ஒளித்து வைப்பதைப் பார்த்து ஒருவர் போலீஸை அழைக்க, தெருவைக் காலி செய்து, ராணுவ வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அந்தக் குட்டி டப்பாவை வெடிவைத்துத் தகர்த்தார்கள். விளையாட்டு தெரியாத பொதுஜனத்தை இவர்கள் 'மகுள்' என்பார்கள், ஹாரி பாட்டரில் மந்திரம் தெரியாதவர்களின் பெயர். மகுள் கண்ணில் படாமல் எடுப்பதுதான் கெத்து என்று பேசிக்கொள்வோம். ஆனா அந்த மகுள் கண்ணுக்கு நாம எப்படித் தெரிவோம்? புதருக்குள்ள ஆறு பேர் குனிஞ்சு நின்னுகிட்டு, யாராவது வந்தா மேகத்தைப் பார்க்கற மாதிரி நடிச்சா யாருக்குத்தான் சந்தேகம் வராது? யாராவது கேட்டா மறைக்காம விளக்கிடுங்க. பாதிப் பேர் கூடச் சேர்ந்து தேட ஆரம்பிச்சுடுவாங்க.

கடைசிப் பாடம் ரொம்பக் கொடுமையானது. 2018 ஜூனில் ப்ராக் நகரத்தில், நிலத்தடியில் ஓடை செல்லும் ஒரு சுரங்கக் கால்வாய்க்குள் நான்கு பேர் டப்பா தேடிப் போனார்கள். வெளியே திடீரென்று பெருமழை. உள்ளே இருந்தவர்களுக்கு மழை தெரிய வழியில்லை. வெள்ளம் அவர்களை அடித்துக்கொண்டு போனது, இரண்டு பேரின் உயிரும் போனது.

இதைப் படிச்ச பிறகு எங்க குழுவுல ஒரு விதி. குகை, சுரங்கம், கால்வாய்னா ஒருத்தர் கட்டாயம் வெளியே நிக்கணும். வானிலை பார்க்காம கிளம்பறது இல்லை. எங்கே போறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம்னு வராத ஒருத்தர்கிட்ட எழுத்துல சொல்லிட்டுத்தான் கிளம்பணும். குழுவுல யாராவது ஒருத்தர் "வேண்டாம், திரும்பலாம்"னா காரணம் கேக்காம திரும்பணும். இது கோழைத்தனம் இல்லை. டப்பா நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.

மிச்சம் என்ன?

உல்மரின் பக்கெட் இருந்த இடத்தில் இப்போது பக்கெட் இல்லை. 2003-இல் ஆர்வலர்கள் சேர்ந்து அங்கே ஒரு நினைவுத் தகடு பதித்தார்கள். இந்தப் பக்கம் வர்ற ஜியோகேஷர்களுக்கு அது ஒரு திருத்தலம் மாதிரி. போய்ப் பார்த்தா பெரிசா ஒண்ணும் இல்லை. சாலையோரம், மரங்கள், ஒரு சின்னத் தகடு, கையெழுத்துப் போட ஒரு நோட்டு.

அந்த நோட்டுதான் விஷயம். 1854-இல் ஒரு பாட்டிலுக்குள் போட்ட விசிட்டிங் கார்டுக்கும் இதுக்கும் நடுவுல எத்தனையோ செயற்கைக்கோள் வந்துடுச்சு, போன் வந்துடுச்சு. பூட்டு மட்டும் பெரும்பாலானதுல வரலை. பெரும்பாலான டப்பாக்கள் திறந்துதான் கிடக்கு. திருடறது சுலபம், உடைக்கறது அதைவிடச் சுலபம். இருந்தாலும் பெரும்பாலானவை வருஷக்கணக்கா அப்படியே இருக்குன்னா, முன்பின் பார்க்காத ஒருத்தன் நமக்காக அதை ஒழுங்கா மூடி, இருந்த இடத்திலேயே வெச்சுட்டுப் போயிருக்கான்னு அர்த்தம்.

அதனால எல்லா டிப்ஸையும் மறந்தாலும் ஒண்ணை மட்டும் மறக்காதீங்க. மூடியை அழுத்தி மூடுங்க, ஈரம் போகக்கூடாது. எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே வையுங்க. நமக்குப் பின்னாடி ஒருத்தர் வருவார்.